அப்பா அரசைக் கைகாட்டுகிறார், பள்ளி அப்பாவைக் கைகாட்டுகிறது

கேள்வி: கடலூர் வட்டத்தில், தென்பெண்ணைக் கரையோரம், பாகூர் எல்லையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அப்பா கரும்பு வெட்டுபவர், அம்மா புதுச்சேரிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். மூத்தவனுக்கு 15 வயது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டு கடலூரில் ஒரு பேக்கரிக்குப் போகிறான். பெண்ணுக்கு 13, பொங்கலோடு நின்றவள், இப்போது எட்டாவதில் இருக்க வேண்டியவள், வீட்டில் இரண்டரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். 9 வயதுப் பையன் வேனில் பாகூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குப் போனான். 11,000 ரூபாய் பாக்கி என்று அங்கே டி.சி. தரவில்லை; டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்கிறது ஊர்த் தொடக்கப் பள்ளி. நடுநிலைப் பள்ளி 4 கிலோமீட்டர் தூரம், ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 900 ரூபாய். “இலவசக் கல்வின்னு சொல்ற சர்க்காரே ஆட்டோவும் விடட்டும்” என்கிறார் அப்பா. “பெத்தவங்க அனுப்பலேன்னா நாங்க என்ன பண்றது” என்கிறார் எச்.எம். ரேஷன் கார்டை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். பெற்றோருக்கு அபராதம் போட முடியுமா? உண்மையில் யார் பொறுப்பு? இன்னொன்று: அந்தப் பெண்ணின் பெயர் பதிவேட்டிலேயே இருக்கட்டும், “அனைவரும் வருகின்றனர்” என்று குழுத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அபராதம் போட முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காவிட்டால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 51ஏ(கே) உறுப்பும் பெற்றோருக்கு இதே கடமையைத் தருகிறது. ஆனால் அது அடிப்படைக் கடமைகளில் ஒன்று. அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது.

சட்டம் எழுதியவர்கள் இதை மறந்து விட்டுவிடவில்லை. கட்டாயம் யார்மேல் என்பதை 8ஆம் பிரிவு தெளிவாகவே வைத்திருக்கிறது: இலவசக் கல்வி தருவதும், பிள்ளையைச் சேர்ப்பதும், தொடர்ந்து வரவைப்பதும், எட்டாம் வகுப்பை முடிக்கவைப்பதும் அரசின் கடமை. 9ஆம் பிரிவு உள்ளாட்சியையும் இதில் சேர்க்கிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் அது வைத்திருக்க வேண்டும். ஆகவே “பெத்தவங்க அனுப்பலேன்னா நாங்க என்ன பண்றது” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பெற்றோர் அனுப்பாத பிள்ளைக்கும் அரசின் கடமை அப்படியே நிற்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வி தர அரசு பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்று 1950இலேயே அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு சொன்னது. 1960 வந்தது, போனது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002இல் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ உறுப்பைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரல் 1 அன்று, கல்வி உரிமைச் சட்டத்தோடு சேர்த்துத்தான். ஐம்பது ஆண்டுத் தாமதம் அரசுடையது. அந்தத் தாமதத்தில் படிக்காமல் போன தலைமுறையைத்தான் இன்று “பொறுப்பில்லாத பெற்றோர்” என்கிறோம். இதை உங்கள் ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த அப்பாவுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அவர் பேச்சில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. எது சரி, எது தவறு என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதால் ஒவ்வொருவராகப் பார்ப்போம். அவசரம் அந்தப் பெண்ணுக்குத்தான், அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஆட்டோ விஷயத்தில் அப்பா சொல்வது பெரும்பாலும் சரி. தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. கட்டணம் மட்டுமல்ல, செலவும் அதில் சேர்த்தி. தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும் ஆறு முதல் எட்டுக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தருவது அரசின் வேலை. உங்கள் ஊரிலிருந்து 4 கிலோமீட்டர் என்றால் அந்தப் பிள்ளை இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிடுகிறாள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழித்துணைப் படி என்று பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்வரை தர இடமுண்டு. பத்து மாதத்துக்கு மாதம் 900 என்றால் 9,000. அது முழுதாக ஈடுகட்டாது. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு இறங்கினால் அந்த வீட்டில் பேச்சே மாறும்.

இந்தப் படி பல ஊர்களுக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தூரக் கணக்குதான். ஊராட்சியின் மையத்திலிருந்து அளந்து “2.8 கிலோமீட்டர்” என்று எழுதிவிட்டால் உங்கள் குடியிருப்பு பட்டியலிலேயே இருக்காது. நீங்களே அளந்துவிடுங்கள். குடியிருப்பின் கடைசி வீட்டிலிருந்து பள்ளி வாசல்வரை, பிள்ளைகள் உண்மையில் நடக்கும் வழியில், போனில் வரைபடத்தைத் திறந்து நடந்து பார்த்து அதைப் படமெடுத்து வையுங்கள். ஆற்றோரத் தடம், புதர், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோது எந்தெந்த இடம் மூழ்கியது என்பது உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். அதையும் சேர்த்து எழுதுங்கள். வழி ஆபத்தானது என்றால் தூர வரம்பையே குறைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் கல்வி உரிமை விதிகளின் நோக்கம்.

பேருந்தையும் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. பிறகும் ஏன் ஆட்டோ? அந்த வழியில் போகும் பேருந்து பள்ளி மணி அடித்த பிறகு வந்து சேர்வதாக இருக்கும், அல்லது மாலையில் நான்கு மணிக்கு முன்பே போய்விடுவதாக இருக்கும். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது புதுப் பேருந்து அல்ல, இருபது நிமிட நேர மாற்றம். அதற்குப் பள்ளிக் கல்வித் துறையிடம் போய்ப் பயனில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தில் கடலூர் மண்டலப் பொது மேலாளருக்கு எழுத வேண்டும். எந்தத் தடம், எந்த நிறுத்தம், இப்போது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வந்தால் எத்தனை மாணவர் ஏறுவார்கள் என்று நான்கே விவரம் போதும். எச்.எம். கையொப்பத்தோடு போகட்டும்.

ஆனால் ஆட்டோ பிரச்சினை தீர்ந்தாலும் அந்தப் பெண் வந்துவிடுவாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மெய்யான தடை வேறொரு வரியில் இருக்கிறது: இரண்டரை வயதுத் தம்பி. அம்மா சித்தாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. அம்மா போனால் குழந்தையை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். 13 வயதுப் பெண் சம்பளமில்லாத ஆயாவாகிவிட்டாள். இது பெற்றோரின் முடிவு, அதற்கான பொறுப்பை அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கு முயல வேண்டும் என்று திருத்தப்பட்ட 45ஆம் உறுப்பும், கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் சொல்வது அரசைப் பார்த்துத்தான். 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 35ஆம் பிரிவும் கேட்டது. நாலு சித்தாள் வேலை செய்யும் வீட்டுக் கட்டடத்துக்கு அது பொருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் ஊர் அங்கன்வாடியில் இரண்டு வயது நிரம்பிய குழந்தையைச் சேர்க்கலாம். சேர்த்த மறுநாளே ஒரு சிக்கல் வரும்: அங்கன்வாடி மாலையில் மூடிவிடும், அம்மா புதுச்சேரியிலிருந்து இருட்டிய பிறகுதான் வருவார். இடைப்பட்ட நேரத்துக்கு யார்? இந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு விடை கிடைக்காமல்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்து நாள் வந்துவிட்டு மறுபடி நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெண் பள்ளி விட்டு வீடு வரும்வரை குழந்தையை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வைத்துக்கொள்ள தெருவில் ஒரு வீடு வேண்டும். மகளிர் குழுவில் பேசி இரண்டு வீடுகளை முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டை நம்பினால் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வந்ததும் ஏற்பாடு உடைந்துவிடும். இதில் அரசைக் காத்திருந்து பயனில்லை, ஊர்தான் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா முன்னிலையில் வேண்டாம், எச்.எம். கூட இருக்கவும் வேண்டாம். இந்த வயதுப் பெண் பிள்ளை நிற்பதற்குத் தம்பி ஒரு காரணம் என்றால், வெளியே சொல்லாத காரணம் இன்னொன்று இருக்கும். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் கேட்டால் எந்த ஆசிரியை தருகிறார் என்று கேளுங்கள். வழியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேளுங்கள். பெண்களுக்குத் தனிக் கழிவறை என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள கட்டாயம். அது பூட்டியே கிடந்தால் உங்கள் குழுதான் திறக்கவைக்க வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்பதையும் மெல்லக் கேட்டுவிடுங்கள்.

அவளை மறுபடி ஏழாவதில் உட்காரவைக்க யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது எட்டாவதில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டாண்டுவரை. அவள் விட்டது அரையாண்டுப் பாடம் என்பதால் அதே பள்ளியில் காலையிலோ மாலையிலோ நடத்தும் பயிற்சியே போதும். வட்டார வள மையத்தில் உள்ள ஆசிரியர் பயிற்றுநரைக் கேளுங்கள், பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான இணைப்புப் பயிற்சி அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. கணக்கில் பின்தங்கிய பெண் முதல் வாரமே வகுப்பில் எழுந்து நின்று பதில் தெரியாமல் விழித்தால், இரண்டாம் வாரம் வரமாட்டாள். முதல் ஒரு மாதம் அவளை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவைப்பது விதியில் இல்லாத ஒரு உதவி.

14 வயது முடிந்தால் உரிமை போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 4ஆம் பிரிவில் இப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 தாண்டினாலும் எட்டாவது முடியும்வரை இலவசக் கல்வி உண்டு. அம்மாவிடம் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. “நாளைக்கு நல்லா இருப்பா” என்ற பேச்சு கூலி வேலைக்குப் போகிறவருக்கு எட்டாது. மாதம் ஆயிரம் என்பது புரியும்.

இப்போது ஒன்பது வயதுப் பையன். இங்கே அப்பாவின் வாதம் நிற்காது. அருகில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கும்போது பெற்றோர் தம் விருப்பத்தில் தனியார் பள்ளியில் சேர்த்தால், அந்தச் செலவைத் திருப்பிக் கேட்க உரிமை இல்லை என்று 8ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 11,000 ரூபாய் அவர்கள் கடன்.

ஆனால் அந்தக் கடனுக்குப் பையனின் படிப்பைப் பிணையாக வைக்க முடியாது. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. அதைவிட முக்கியம், டி.சி. வரத் தாமதமானதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி செய்வது சட்டத்துக்கு மாறு. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்தில் போயிருந்தால் 14ஆம் பிரிவு இருக்கிறது: மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் வயது உறுதிமொழியே போதும்.

பெரும்பாலும் எச்.எம். பிடிவாதத்தால் மறுப்பதில்லை. கணினியில் ஏற்ற முடியாது என்பதுதான் அவர் பயம். தமிழ்நாட்டுக்குள் மாறும் பிள்ளையின் எமிஸ் பதிவை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவை, பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விட்டால், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பாகூர் புதுச்சேரியில் இருப்பதால், அங்கே படித்த இவனுக்கு எமிஸ் பதிவே இருக்காது. புதிதாக வெளிமாநிலப் பிள்ளையாகச் சேர்க்க வேண்டும். மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பழைய பள்ளி அவனை விடுவிக்காவிட்டால் பெயர் இரண்டு இடத்தில் நிற்கும். அதனால் பையனைச் சேர்த்து, வருகைப் பதிவேட்டில் பெயரெழுதி, பாடப்புத்தகமும் சீருடையும் கொடுத்துவிட்டு, கணினி வேலையை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதலில் பிள்ளை உள்ளே, பிறகு கணினி.

டி.சி.க்கான புகாரை எங்கே கொடுப்பது என்பதில் எல்லையோர ஊர்க்காரர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பார்கள். அந்த மனு மேசை மேசையாகச் சுற்றும். பாகூர் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அங்குள்ள பள்ளிமேல் நடவடிக்கை எடுக்கக் கடலூர் அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை. புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககத்துக்குத்தான் எழுத வேண்டும். பாக்கிக்கு என்ன என்ன தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிக்காத மாதங்களுக்கும் வேன் கட்டணம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மீதி நியாயமான தொகையை அப்பா மாதத் தவணையாகக் கட்டட்டும், ஒவ்வொரு முறையும் ரசீதோடு.

ஆங்கில வழியில் படித்த பையன் என்றால் தமிழ் எழுத்தில் தடுமாறுவான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்தபடியே தமிழுக்கு மட்டும் அரும்பில் தொடங்கலாம். காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே என்பதால் அவனைப் பற்றிய கவலை அம்மாவுக்குப் பாதி குறையும்.

மூத்தவன் விஷயம் கடினமானது, காரணம் சட்டம் அவனைக் கைவிட்டுவிடுகிறது. எட்டாவது முடித்தவனுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாவதுவரை படிக்கலாம், சைக்கிளும் புத்தகமும் கிடைக்கும். ஆனால் அவை திட்டங்கள். அவனைத் தேடி வந்து சேர்க்கும் கடமை யாருக்கும் சட்டப்படி இல்லை. 14 என்ற இந்த எல்லை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை இங்கே பெற்றோரின் பொறுப்புதான் பெரிது.

15 வயதில் ஆபத்தில்லாத வேலைக்குப் போவதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வளரிளம் பருவத்தினரை ஒரு நாளில் இடைவேளையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை வேண்டும், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும். பேக்கரி என்றால் விடியற்காலை அடுப்பும் இரவுக் கடையும்தான். அந்த நேரங்களில் அவன் நின்றால் முதலாளி சட்டத்தை மீறுகிறார். இதை எடுத்துச் சொன்னாலே பல முதலாளிகள் பையனை வைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். அப்படி அவனை வெளியே எடுப்பதற்கு முன் போக ஒரு இடம் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இதைவிட மோசமான வேலைக்குப் போவான்.

ஒன்பதாவதில் மறுபடி உட்கார அவன் கூசினால் இரண்டு வழி. கடலூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. பயிற்சிக் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வரும். இன்னொன்று, பதினான்கரை வயது முடிந்து எட்டாவது தேர்ச்சி பெற்றவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். இதில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அறிவியல் செய்முறை. தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதம் முன்பே அதற்கான பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்து, போதிய வருகையும் வைத்திருக்க வேண்டும். அது தெரியாமல் தேர்வு நேரத்தில் போய் நிற்பவர்களுக்கு ஓராண்டு போய்விடும். கடலூரில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அறிவிப்பு வரும் நாளை இப்போதே விசாரித்து எழுதிவையுங்கள்.

ரேஷன் கார்டை நிறுத்துவது பற்றி: கூடவே கூடாது, அப்படிச் செய்ய எந்தச் சட்டத்திலும் வழியில்லை. அரிசி அந்தப் பெண்ணுக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான். மிரட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்: குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பிவிடும், செங்கல் சூளையிலோ வேறு கரும்புக் காட்டிலோ போய் நிற்கும், பிறகு மூன்று பிள்ளைகளும் யார் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கூலி வேலைக்கு வைத்தால், வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மறுபடி அனுப்பினால் 10,000 ரூபாய்வரை அபராதம். வீட்டு வேலைக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவுவதற்கு விலக்கு உண்டு, ஆனால் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் மட்டும். அந்தப் பெண்ணைச் சித்தாள் வேலைக்குக் கூட்டிப்போனாலோ, கல்யாணம் பேசினாலோ, வீட்டில் அடி உதை என்று தெரிந்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். அப்போது விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதற்காக மட்டும் அந்த எண்ணை அழுத்த வேண்டாம். பெற்றோரைக் குற்றவாளிபோல் நிறுத்திவிட்டால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கும் சாத்திக்கொள்ளும்.

இப்போது எழுத வேண்டிய மனு. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி பிள்ளையின் கல்வி உரிமை பற்றிய குறையை உள்ளாட்சிக்கு எழுத்தில் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். ஊராட்சி நிர்வாகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முகவரியிட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

“எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த, 13 வயது மாணவி ஒருவர் ஜனவரி மாதம் முதல் பள்ளிக்கு வரவில்லை. குடியிருப்பிலிருந்து நடுநிலைப் பள்ளி 4 கிலோமீட்டர். அளந்த வழியின் படம் இணைப்பு. 2011ஆம் ஆண்டு விதிகளின் 3 கிலோமீட்டர் வரம்புக்கு இது வெளியே உள்ளது. மாணவிக்குப் போக்குவரத்துப் படியும், 4ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பில் சேர்க்கையும், சிறப்புப் பயிற்சியும் வழங்கக் கோருகிறோம். அதே வீட்டில் 9 வயது மாணவருக்கு டி.சி. இன்மையால் சேர்க்கை மறுக்கப்பட்டுள்ளது. 5ஆம் பிரிவின்படி உடன் சேர்க்கக் கோருகிறோம்.”

பெயர், முகவரி, எமிஸ் எண் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டுக் கொடுங்கள். மனு பல கைகளில் போகும்; ஒரு பெண் பிள்ளையின் விவரம் அப்படிச் சுற்ற வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள், அந்தத் தேதியிலிருந்துதான் மூன்று மாதக் கணக்கு. பதில் இல்லையென்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இடையில் சந்தேகம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

இனி உங்கள் கையெழுத்து. “அனைவரும் வருகின்றனர்” என்ற தீர்மானத்தில் போடாதீர்கள். எச்.எம். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இடைநிற்றல் என்று காட்டினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும் என்ற பயம் அவருக்கு இருக்கும். ஆனால் பதிவேட்டில் வருகிறாள் என்று இருக்கும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி வராது, போக்குவரத்துப் படி வராது, வீடு வீடாக நடக்கும் கணக்கெடுப்பிலும் அவள் பள்ளி செல்லாதவள் என்று எழுதப்பட மாட்டாள். மேலே சொன்ன மனுவையும் அந்த ஒரு தீர்மானமே பொய்யாக்கிவிடும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்ததே இப்படிப்பட்ட இடத்தில் உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்குத்தான். “ஒரு மாணவி ஜனவரி முதல் வரவில்லை, குழு உறுப்பினர் இருவர் வீட்டுக்குச் சென்று பேசினர், அங்கன்வாடிச் சேர்க்கைக்கும் போக்குவரத்துப் படிக்கும் மனு அளிக்கப்படுகிறது” என்று எழுதச் சொல்லுங்கள். இது எச்.எம்.முக்கும் பாதுகாப்பு, தான் செய்ய வேண்டியதைச் செய்தார் என்பதற்கு அவரிடமும் ஆதாரம் இருக்கும். தீர்மானப் பக்கத்தைப் போனில் படமெடுத்து, மனுவோடு ஒரு நகல் இணைத்துவிடுங்கள்.